முப்பது கிராம் அலுமினியத்துக்கு இவ்வளவா?

கேள்வி: என் ஹெட்போனில் காதுக் கிண்ணத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் யோக் விரிசல் விட்டுவிட்டது. அதையே அலுமினியத்தில் ஒரு ஜோடி செய்து தரச் சொல்லி ஒரு பட்டறையில் கேட்டேன். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு ஹெட்போனே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. முப்பது கிராம் உலோகத்துக்கு இது நியாயமா? - ஆர்.

பதில்: நியாயம்தான். நகைக்கே செய்கூலி தனி. இங்கே கிட்டத்தட்ட மொத்தமும் செய்கூலி. உலோகத்தின் விலையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால்கூடப் பெரிய வித்தியாசம் தெரியாது.

உங்கள் பிளாஸ்டிக் யோக்கை அப்படியே நகலெடுக்க முடியாது. அச்சில் வார்த்த பொருள் என்பதால் அதன் பக்கங்கள் லேசாகச் சரிந்திருக்கும், உள்ளே வலுவுக்காக விலா எலும்பு போல மெல்லிய வரம்புகள் ஓடும். உலோகத்தைச் சுழலும் கத்தியால் சீவும் மில்லிங் மெஷினுக்கு அந்த வடிவம் சரிப்படாது. வெர்னியரை வைத்து அளந்து, மறுபடி வரைந்து, ஒரு மாதிரி வெட்டிப் போட்டுப் பார்த்தால் கிண்ணம் திரும்பும்போது எங்காவது இடிக்கும். திருத்தி இன்னொன்று வெட்ட வேண்டும். அப்புறம்தான் ஃபிக்சர் (பாகத்தை இறுகப் பிடிக்கும் சட்டம்), மெஷினுக்கான புரோகிராம், டூல் செட்டிங் (வெட்டும் கருவிகளைப் பொருத்தி அளவு வைப்பது). இத்தனையும் ஒரு ஜோடிக்கும் வேண்டும், நூறு ஜோடிக்கும் வேண்டும். நீங்கள் ஒருவரே கேட்டதால் முழுச் சுமையும் உங்கள் தலையில்.

விலையைக் குறைக்க வழி இருக்கிறது. தகட்டில் லேசரால் வெட்டி வளைத்துத் தரச் சொல்லுங்கள். 5052 ரக அலுமினியத் தகடு நன்றாக வளையும். 6061-டி6 ரகத்தை இறுக்கமாக வளைத்தால் விரிசல் விடும். பார்வைக்குக் கொஞ்சம் சாதாரணமாக இருக்கும், வேலை செய்யும். அதோடு, "எல்லா அளவும் துல்லியமாக வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கிண்ணம் திரும்புவதற்கான முள் (பின்) உட்காரும் துளைக்குத்தான் துல்லியம் தேவை. மற்ற இடத்தில் 0.1 மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் உங்கள் காதுக்குத் தெரியப்போவதில்லை.

கேள்வி: நான் பட்டறைக்காரன். நண்பர்கள் கேட்டதால் ஹெட்போன் யோக், கிரில் (கிண்ணத்தின் வெளிப்பக்கத் துளைத் தகடு) எல்லாம் செய்து கொடுக்கிறேன். எப்படி விலை வைப்பது என்றே புரியவில்லை. ஹெட்போன் விலையில் இத்தனை சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாமா? - க.

பதில்: வேண்டாம். விலை உயர்ந்த ஹெட்போனின் யோக்கும் மலிவானதன் யோக்கும் உங்கள் மெஷினுக்கு ஒன்றுதான். நிமிடத்தில் கணக்குப் போடுங்கள், கடைசியில் உங்கள் மணிக்கூலியால் பெருக்குங்கள்.

ஓர் உதாரணம். செட்டிங்குக்கு 180 நிமிடம், ஒரு ஜோடிக்கு 40 நிமிடம் என்று வையுங்கள். ஒரே ஜோடி என்றால் 220 நிமிடம். பத்து ஜோடி சேர்த்துச் செய்தால் ஜோடிக்கு 58. ஐம்பது செய்தால் 44க்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றிலிருந்து பத்துக்குப் போகும்போதுதான் விலை தடாலென்று விழுகிறது. பத்திலிருந்து ஐம்பதுக்குப் போய்ப் பெரிதாக மிச்சமில்லை, விற்காத சரக்கு அலமாரியில் கிடக்கும். ஆகவே பத்துப் பேரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மெஷினை ஓட்டுங்கள். வரைபடத்துக்கும் மாதிரிக்கும் செலவான நேரத்தை முதல் பத்துப் பேர் மீதே ஏற்றாமல், அந்த மாடல் சந்தையில் எத்தனை நாள் இருக்கும் என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். சென்ஹைசர் எச்டி 600 போல 1997இல் வந்து இன்னும் விற்கும் மாடல்கள் இதற்குத் தோது.

எல்லோரும் கணக்கில் விடுவது கைவேலையை. மெஷினிலிருந்து வந்த யோக்கின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பிசிறு மாட்டும். தலைமுடி படுகிற இடம் அது, ஒவ்வொரு ஓரமாகச் சுரண்டித்தான் ஆக வேண்டும். அடுத்து எம்2 (2 மில்லிமீட்டர்) திருகுக்கு டேப் போடுவது, அதாவது துளைக்குள் மரை வெட்டுவது. மரை வெட்டும் அந்த மெல்லிய கருவி உள்ளே முறிந்தால் தொண்ணூறு சதவீதம் முடிந்த பாகம் குப்பைக்குத்தான் போகும். பத்து ஜோடிக்கு ஆர்டர் வந்தால் பதினொன்று வெட்டுங்கள், அந்தப் பதினொன்றின் கூலியையும் பத்தில் சேருங்கள்.

அனோடைசிங்கைப் பற்றியும், அதாவது தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேல் ஆக்சைடு பூச்சு ஏற்றுவதைப் பற்றியும், ஒரு வார்த்தை. நீங்கள் ஒன்றே ஒன்று கொடுத்தாலும் தொட்டிக்காரர் ஒரு லாட்டுக்கான (ஒரு தடவை தொட்டியில் இறக்கும் சரக்குக்கான) குறைந்தபட்சக் கட்டணம் கேட்பார், அதையும் பத்தால் வகுக்க வேண்டும். பூச்சு 20 மைக்ரான் (0.02 மில்லிமீட்டர்) என்றால் ஏறக்குறைய பாதி வெளியே வளரும். துளையில் இரு பக்கமும் அப்படி வளர்வதால் விட்டம் 20 மைக்ரான் சுருங்கும், வழுக்கிக்கொண்டு போன முள் இறுகிவிடும். ஒன்று துளையை முன்கூட்டியே பெரிதாக வெட்டுங்கள், இல்லையென்றால் அடைத்து அனுப்புங்கள். அடைப்பதும் கைவேலைதான், அதற்கும் நிமிடம் எழுதுங்கள். இடதும் வலதும் ஒரே தொட்டியில் போகட்டும். வேறு வேறு நாளில் போட்ட கறுப்பு இரண்டும் ஒன்றுபோல இருக்காது.

ஹெட்போன் கம்பெனியின் முத்திரையைப் பொறித்துத் தரச் சொல்வார்கள். எவ்வளவு கொடுத்தாலும் செய்யாதீர்கள்.

கேள்வி: பித்தளையில் செய்தால் ஒலி மேம்படுமா? அதற்காக எவ்வளவு கூடக் கொடுக்கலாம்? - ம.

பதில்: ஒலிக்காக என்றால் ஒன்றும் கூடக் கொடுக்க வேண்டாம். கிண்ணத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கியும் காதுமெத்தையும் மாறாதபோது யோக்கின் உலோகத்திலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அழகுக்காகக் கேட்டால் தாராளமாக. ஆனால் அதே அளவில் பித்தளை, அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனக்கும், அத்தனையும் உச்சந்தலையில்தான் இறங்கும். டைட்டானியம் வலுவானது. அதை வெட்டும்போது சூடு வெளியேறாமல் டூலின் முனையிலேயே தங்கிவிடும் என்பதால் மெஷினை மெதுவாகத்தான் ஓட்ட முடியும். அதற்கு இரண்டு, மூன்று மடங்கு கேட்டால் பட்டறைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.