மருத்துவர் மீது மருத்துவ சபையில் முறையிட்டால் என்ன நடக்கும்?

திருகோணமலையில் சிகிச்சை பெற்ற ஒருவர், மருத்துவர் மீது எங்கே முறையிடுவது, முறையிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

மருத்துவ சபையில் முறையிட்டால் நடப்பது ஒழுக்காற்று விசாரணை, அதாவது ஒருவர் தொடர்ந்து மருத்துவம் பார்க்கத் தகுந்தவரா என்று பார்ப்பது. பஸ் சாரதி ஆளை மோதினால் நட்டஈட்டு வழக்கு வேறு, லைசன்ஸைப் பறிப்பது வேறு அல்லவா? இது லைசன்ஸ் பக்கம். மருத்துவர்களின் பதிவேடு கொழும்பிலுள்ள இலங்கை மருத்துவ சபையிடம் இருக்கிறது. கடும் தவறு நிரூபணமானால் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். அடுத்த நோயாளியைக் காப்பதுதான் நோக்கம்.

மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வெறும் கடிதம் அனுப்பினால் போதாது. முறைப்பாட்டைச் சத்தியக்கடதாசியாக, அதாவது சொல்வது உண்மை என்று சத்தியம் செய்து கொடுக்கும் ஆவணமாக எழுதி, சமாதான நீதவான் முன் ஒப்பமிட வேண்டும். கோபத்தைக் கொட்டாதீர்கள், அந்தக் கோபம் நியாயமானதே, ஆனால் விசாரிப்பவருக்கு வேண்டியது விபரம். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த வாட்டு, யார் என்ன சொன்னார் என்று வரிசையாக எழுதுங்கள். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, இரத்தப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் போட்டோ கொப்பியை இணையுங்கள். மூலப்பிரதியை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

சபை நட்டஈடும் வாங்கித் தரும் என்று பலர் நம்புகிறார்கள். தராது, அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடவேண்டும்.