சுருள்பாசி மாத்திரை, இரும்பு மாத்திரைக்கு மாற்றாகுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 58, சைவ உணவு மட்டுமே உண்பவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். அண்மையில் செய்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.5 என்று வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல் ஏற்படுவதால், தெரிந்தவர் ஒருவர் விற்கும் சுருள்பாசி மாத்திரைக்கு மாறிவிடலாம் என்கிறார். புரதம், இரும்பு, பி12 எல்லாம் அதில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாறலாமா? ஆறு வயது மகளுக்கும் கொடுக்கலாமா? கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இதே பொடி மலிவாகக் கிடைக்கிறதாமே, அதை வாங்கலாமா?

பதில்: இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். சுருள்பாசியைக் கூடுதலாக எடுத்துக்கொள்ள உங்கள் தாயார் விரும்பினால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒன்றை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் மற்றொன்றை வைக்கக் கூடாது. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர் என்ற முறையில் இதே கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். சுருள்பாசி என் கடையிலும் விற்பனைக்கு இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பைருலினா என்ற பெயரில் விற்கப்படும் சுருள்பாசி, காரத்தன்மை மிகுந்த வெதுவெதுப்பான நீரில் வளரும் நீலப்பச்சை நுண்ணுயிர். பாசி என்று அழைத்தாலும் அறிவியல் வகைப்பாட்டில் அது பாக்டீரியாக்களோடு சேர்கிறது. ஆப்பிரிக்காவின் சாட் ஏரியோரம் வாழும் கானெம்பு மக்கள் அதை வடிகட்டி, மணலில் காயவைத்து, வில்லைகளாக்கிக் குழம்பில் சேர்த்து உண்டு வருகிறார்கள். மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் அஸ்டெக் மக்களும் அதைச் சேகரித்து உண்டிருக்கிறார்கள். ஆகவே இது நேற்று ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருள் அன்று. அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இல்லாததால் எளிதில் செரிக்கிறது என்பதும் உண்மையே. விண்வெளி வீரர்களின் உணவு என்று விற்பவர்கள் சொல்வார்கள். நாசா அதை ஆராய்ந்தது மெய்தான்; ஆனால் குறைந்த இடத்தில், குறைந்த எடையில் எதை வளர்க்கலாம் என்பது அவர்களுடைய கவலை, நம் வீட்டு ரத்தசோகை அன்று.

இப்போது எண்களுக்கு வருவோம், ஏனெனில் குழப்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. உலர்ந்த சுருள்பாசி 100 கிராமில் ஏறத்தாழ 57 கிராம் புரதமும், 28 மில்லிகிராம் இரும்பும், 290 கலோரி ஆற்றலும் உள்ளன. விளம்பரத் தாளில் இருக்கும் இந்த எண்களில் பொய் இல்லை. ஆனால் எவரும் ஒரு நாளில் 100 கிராம் உண்பதில்லை. ஒரு மாத்திரை பெரும்பாலும் 500 மில்லிகிராம். நாளுக்கு ஆறு மாத்திரை விழுங்கினாலும் மொத்தம் 3 கிராம்தான். அதிலிருந்து கிடைப்பது 1.7 கிராம் புரதமும், ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி வயது வந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறக்குறைய 50 கிராம் ஆகிறது. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையில், அதாவது 30 கிராமில், ஏழு கிராமுக்குக் குறையாத புரதம் இருக்கிறது.

இரும்பின் கணக்கு இன்னும் கடுமையானது. அரசின் ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில் பெண்களுக்கு இலவசமாக வழங்கப்படும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. அந்த அளவைச் சுருள்பாசியிலிருந்து பெற வேண்டுமானால் 210 கிராம், அதாவது 400-க்கும் மேற்பட்ட மாத்திரைகளை விழுங்க வேண்டும். ஹீமோகுளோபின் 9.5-இல் நிற்கும் ஒருவரிடம் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுங்கள் என்று சொல்வது எவ்வளவு பொறுப்பற்றது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

"கீரையைவிடப் பல மடங்கு இரும்பு" என்ற வாசகத்திலும் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராக இருக்கும் பச்சைக் கீரையை, தண்ணீர் முழுவதும் நீக்கப்பட்ட பொடியோடு ஒப்பிடுகிறார்கள். முருங்கைக் கீரையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி நிறுத்தால், இரும்பில் அது சுருள்பாசிக்கு வெகுதூரம் பின்தங்குவதில்லை. உங்கள் தாயாருக்கு உதவாது என்றாலும் கணக்குக்காகச் சொல்கிறேன்: உப்பிடாமல் நன்கு காய்ந்த நெத்திலிக் கருவாட்டின் எடையிலும் பாதிக்கு மேல் புரதமே. காசிமேட்டில் கருவாடு விற்கும் அம்மாக்கள் எவரும் அதை டப்பாவில் அடைத்து அதிசய உணவு என்று கூவுவதில்லை.

பி12 பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் தாயாரின் நிலையில் அதுதான் மிகவும் கவலை தருவது. சைவ உணவில் பி12, பால் பொருள்களைத் தவிர வேறெதிலும் போதுமான அளவில் கிடைப்பதில்லை. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சப்படுவதும் குறைகிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போது பற்றாக்குறைக்கு வாய்ப்பு அதிகம். சுருள்பாசி டப்பாவில் பி12 என்று அச்சிட்டிருப்பது எப்படி என்று கேட்பீர்கள். பழைய பரிசோதனை முறையில் ஒருவகை பாக்டீரியாவை வளர்த்து, அது எவ்வளவு பெருகுகிறது என்பதைக் கொண்டு பி12-ஐ அளந்தார்கள். சுருள்பாசியில் பெரும்பகுதியாக இருப்பது உருவத்தில் பி12-ஐ ஒத்த போலிப் பொருள். அந்தப் பாக்டீரியா அதையும் ஏற்றுக்கொண்டு பெருகுவதால் எண் பெரிதாக வந்துவிடுகிறது. மனித உடலுக்கு அந்தப் போலி பயன்படுவதில்லை. பி12 குறைவு நீண்ட நாள் கவனிக்கப்படாமல் போனால் கால் மரத்துப்போதல், எரிச்சல், மறதி என்று நரம்புகளைப் பாதிக்கும். சர்க்கரை நோயாளிகளோ அதையும் சர்க்கரையின் விளைவு என்றே எண்ணிச் சும்மா இருந்துவிடுவார்கள். ஆகவே ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ மருத்துவர் தருவார்.

மற்றொன்றையும் விட்டுவிடக் கூடாது. 58 வயதில், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு பெண்ணுக்கு ரத்தம் குறைகிறது என்றால் அது உணவுக் குறைவால் மட்டும் என்று முடிவு கட்டிவிட முடியாது. இரைப்பையிலோ குடலிலோ சிறிது சிறிதாக ரத்தம் கசியலாம்; நீண்ட காலச் சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தம் ஆகிய பரிசோதனைகளைச் செய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் பகுதியிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை தொலைவில் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் காத்திருக்கப் பொறுமை இருந்தால் செலவின்றி முடியும்.

இரும்பு மாத்திரையால் வரும் மலச்சிக்கலுக்கு வழி இருக்கிறது. இரும்பின் வகையை மாற்றலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் உடல் கூடுதல் விகிதத்தில் உறிஞ்சுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், அந்த முறை உங்கள் தாயாருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்வது நல்லது. டீயோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து எடுத்தால் பாதி வீணாகும். எங்கள் பக்கத்தில் மாத்திரை போட்ட கையோடு டீ குடிப்பது ஊறிப்போன பழக்கம். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. மலம் கறுத்துப் போவது இரும்பின் இயல்பு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்.

இவ்வளவும் சொன்ன பிறகு சுருள்பாசியால் பயனே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நாளுக்கு ஒன்று முதல் எட்டு கிராம் வரை கொடுத்துச் செய்யப்பட்ட ஆய்வுகளில் கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடும் ஓரளவு குறைந்திருக்கின்றன. ரத்த அழுத்தமும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சிறிதளவு இறங்கியிருக்கின்றன. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, மருந்தை நிறுத்தும் அளவுக்குப் பயன் பெரிதன்று. அதன் நீல நிறமியான ஃபைகோசயனின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மை கொண்டது; காமா லினோலெனிக் அமிலம் என்ற அரிய கொழுப்பு அமிலமும் அதில் உண்டு. என் பார்வையில் அதன் வலுவான பக்கம் பீட்டா கரோட்டின். 1990களின் தொடக்கத்தில் நம் தரமணியிலுள்ள முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம், கிராமப்புறச் சிறார் ஏறத்தாழ 5,000 பேருக்கு நாளுக்கு ஒரு கிராம் சுருள்பாசியைக் கொடுத்துப் பார்த்தது. வைட்டமின் ஏ குறைவால் கண்ணின் வெண்பகுதியில் தோன்றும் பிட்டாட் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. ஒரு கிராம் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், வைட்டமின் ஏ நமக்கு மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படுகிறது. புரதத்துக்கும் இரும்புக்கும் அந்தச் சலுகை கிடையாது.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, வாரத்தில் சில நாள் கீரை, காரட், பப்பாளி, மாம்பழம் என்று சாப்பிடும் குழந்தைக்கு இது தேவையில்லை. எதையும் தொடாத குழந்தையாக இருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டு, நம்பகமான தயாரிப்பை ஒரு கிராம் அளவில் கொடுக்கலாம். கடலைமிட்டாயில் கலந்து கொடுத்தால் மட்டுமே பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். கடற்பாசியும் கருவாடும் கலந்தது போன்ற அந்த மணம் பெரியவர்களுக்கே பழகச் சில நாள் ஆகும்.

ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடு உள்ளவர்கள், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்றுக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களும், கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வாங்கும்போது டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். ஈயம், ஆர்சனிக், பாதரசம் போன்ற கன உலோகங்களுக்கும், மைக்ரோசிஸ்டின் என்ற நச்சுக்கும் செய்த பரிசோதனை அறிக்கையைக் கேட்டால் நல்ல நிறுவனங்கள் தருகின்றன. மைக்ரோசிஸ்டின் சுருள்பாசியிலிருந்து வருவதன்று. உடன் வளரும் வேறு நீலப்பச்சைப் பாசிகளிலிருந்து வருவது, கல்லீரலைக் கெடுப்பது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் ஏரிப் பாசிப் பொருள்களில் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் என்று 1997-இலேயே இதற்கு வரம்பு வைத்தது. காரத்தன்மை மிகுந்த தொட்டி நீரில் மற்றப் பாசிகள் வளர்வது கடினம் என்பதால் ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் போவதில்லை.

பொடி புதியதா என்று அறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி அரைத் தேக்கரண்டி பொடியைத் தூவி, கலக்காமல் ஓர் இரவு வைத்தால், பச்சை மண்டி அடியில் தங்க, மேலே உள்ள நீர் மை கரைத்தது போலத் தெளிந்த நீலமாக இறங்கியிருக்கும். அதே நீரைக் கொதிக்க வைத்தால் நீலம் வெளுத்துவிடும். சூடான கஞ்சியிலோ சாம்பாரிலோ பொடியைப் போடாமல், ஆறிய மோரில் கலக்கச் சொல்வது இதனால்தான். நீலம் இறங்காத பொடி வெயிலிலோ சூட்டிலோ கெட்டது. இந்தச் சோதனை பொடி பழையதா என்பதை மட்டுமே சொல்லும், நஞ்சு இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

கொளத்தூர்ப் பொடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வண்ணமீன்களின் நிறத்தைக் கூட்டுவதற்காகத் தீவனத்தில் சுருள்பாசி சேர்ப்பது வழக்கம், அதனால் அங்கே அது கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் அது தீவனத் தரம். மனிதர் உண்பதற்கான உலோகப் பரிசோதனையும் கிருமிப் பரிசோதனையும் அதற்குச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. சுருள்பாசி தான் வளரும் நீரிலுள்ள உலோகங்களைத் தன்னுள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் புகை படியும் நம் பகுதியில், ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு மொட்டைமாடித் தொட்டியில் தானே வளர்த்து உண்ணலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே காரணத்தால் வேண்டாம் என்கிறேன். அப்படி வளர்த்த பாசியையும், கொளத்தூரில் வாங்கிய பொடியையும் மீன்தொட்டிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.