அந்தக் கேசட்டுகளுக்கு விலை வைக்காதீர்கள்

கேள்வி: கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் மேடைப் பதிவுகள் 200 கேசட்டுகளுக்கு மேல் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருந்த என் அண்ணன், அங்குள்ள ரசிகர்களிடமிருந்து பிரதி எடுத்து அனுப்பியவை. சேலம் ஃபேர்லேண்ட்ஸைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் பிரதி கேட்டார். கேசட்டுக்கு 300 ரூபாய் என்றேன், பேசாமல் போய்விட்டார். பாடல்களைக் கேசட்டில் பதிந்து தந்த அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டர்கள் காசு வாங்கவில்லையா? நான் கேட்டதில் என்ன தவறு?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: தவறுதான். உங்கள் அண்ணனிடம் அந்த ரசிகர்கள் என்ன விலை வாங்கினார்கள் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் மட்டுமே பெற்றுக்கொண்டு பிரதி எடுத்துத் தருவது அவர்களிடையே பரவலாக இருந்த வழக்கம். 1984 அக்டோபரிலிருந்து, ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கிக் கொடுத்த குழு அது. ரசிகர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம், விற்கக் கூடாது என்பதே அந்த அனுமதியின் அடிப்படை. ரெக்கார்டிங் சென்டர்காரர் கடை வைத்துத் தொழில் செய்தவர். நீங்களோ நிபந்தனையோடு வந்த ஒரு கொடையைப் பெற்றவர். எந்தக் குழு பதிவுக்கு அனுமதி தரவில்லையோ அதன் பதிவைப் பகிரவும் கூடாது என்பவன் நான். அதே காரணத்தால், அனுமதி தந்த குழுவின் சொல்லை மீறி விற்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் நடத்திய கச்சேரி உங்களிடம் கட்டாயம் இருக்கும். அதைப் பதிவு செய்தவர் குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். அவர் பதிந்த நாடாச் சுருள்கள் பல, சேமிப்புக் கிடங்கின் வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலம் போயின. அவற்றில் ஒரு பகுதி பூஞ்சை பிடித்துக் கிடந்து, பெரும்பாடுபட்டு மீட்கப்பட்டது. கார்னெல் கச்சேரி முறையான வெளியீடாக வந்தது 2017இல்தான். ஆனால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதற்கு முன்பே, பாதுகாக்க வேண்டியவை என்று தேர்ந்தெடுக்கும் 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டது. கடையில் கிடைக்காத ஒரு பதிவு அந்த இடத்தை எட்டியது, கைமாறிக் கைமாறிப் பரவிய ரசிகர்களின் பிரதிகளால். ஒவ்வொருவரும் 300 ரூபாய் கேட்டிருந்தால் அது ஏற்காடு வரை வந்திருக்குமா?

பூஞ்சை என்றதும் உங்கள் ஊரின் நினைவே வருகிறது. மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நிற்கும் மலையில், பூட்டிய அலமாரிக்குள் காந்த நாடா நெடுநாள் தாங்காது. நாடாவை டேப் ரெக்கார்டரின் ஒலிமுனையில் (ஹெட்) அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத்துண்டு பசை விட்டு உதிர்வதும் பழைய கேசட்டுகளில் சாதாரணம். பிரதியிலிருந்து பிரதி எடுக்கும்போது இரைச்சல் கூடும் என்பதால், உங்களிடம் இருப்பதிலிருந்தே நேராகக் கணினிக்கு மாற்றுங்கள். எம்பி3 வேண்டாம், அது ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிடும். ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வடிவில் எதுவும் குறையாது, அதன் நூறாவது பிரதியும் முதல் பிரதியே. கச்சேரியின் தேதி, ஊர், அண்ணனுக்கு அது எத்தனையாவது கைப் பிரதியாக வந்தது ஆகியவற்றை உடன் எழுதி வையுங்கள். இவ்விவரம் இல்லாத பதிவை அக்கறையுள்ள சேகரிப்பாளர்கள் நம்பி ஏற்க மாட்டார்கள்.

200 கேசட்டுகளை ஓடவிட்டு மாற்றுவது ஒருவரால் ஆகிற வேலையன்று. கேசட் ஓடும் நேரம் முழுவதும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு மனமுள்ள ஒருவர் உங்கள் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறார். அந்த மாணவரைக் கூப்பிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மறுபடி வருவார். வரும்போது ஹார்ட் டிஸ்க் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், அது போதும்.