கையால் செய்த பாஸ்தா: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கேள்வி: சிங்கப்பூர் கம்போங் கிளாமில், கையால் செய்த பாஸ்தாவுக்குப் பேர்போன ஒரு ஹலால் உணவகத்துக்கு அத்தாவையும் அம்மாவையும் அழைத்துப் போக நினைக்கிறேன். எப்போது பார்த்தாலும் வாசலில் கூட்டம். ஒரு தட்டு 22 வெள்ளி. பேரங்காடியில் ஒரு பொட்டலம் பாஸ்தாவே சில வெள்ளிதானே, இந்த விலை தகுமா? ஹலால் விஷயத்தில் அத்தா ரொம்பக் கண்டிப்பு. எதைப் பார்த்து உறுதி செய்வது?
- வாசகி, பிடோக்

பதில்: அத்தாவின் கவலையை முதலில் தீர்த்துவிடுவோம். சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழ் தருவது முயிஸ், அதாவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம். உணவகங்களுக்கு அது கிளைவாரியாகத் தரப்படுகிறது. அதனால் நீங்கள் போகும் கிளையின் பெயரையும் முகவரியையும் முயிஸ் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். 'முஸ்லிம் உரிமையாளர்' என்ற பலகை நம்பிக்கை தரலாம், ஆனால் அது சான்றிதழ் ஆகாது. இத்தாலியச் சமையலில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கார்பொனாரா என்னும் பாஸ்தாவுக்கு ரோமில் போடுவது பன்றியின் கன்ன இறைச்சி. ராகு என்னும் கறிக் குழம்பில் வைன் ஊற்றுவது வழக்கம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டிக்குப் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்; அந்தக் கன்று ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா என்பது கேள்வி. தட்டில் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சான்றிதழ் என்றால் இவை எல்லாமே கணக்கில் வரும்.

சரி, விலை. 22 வெள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் 10% சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைமேல் 9% பொருள் சேவை வரியும் உண்டு. ஆக, ஒரு தட்டு 26 வெள்ளி 38 காசு, மூன்று தட்டு 79 வெள்ளியைத் தாண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்கள் வரி சேர்க்காத விலையைப் போடலாம். ஆனால் அவை கூடுதலாக வரும் என்பதைப் பளிச்சென்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

அந்தக் காசு தகுமா என்றால், என்ன வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முட்டை மாவுப் பாஸ்தாவுக்கு 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது வழக்கமான கணக்கு. பிசைந்து, ஊறவிட்டு, மெல்லிசாகத் தேய்த்து வெட்ட வேண்டும். விலையில் பெரும்பங்கு அந்த உழைப்புக்குத்தான். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். அதன் அருமை தெரிவது பப்பர்தெல்லே, தாலியத்தெல்லே போன்ற பட்டை வகைகளில்தான். நாடா மாதிரி மெல்லிசாக, மேல்புறம் லேசாகச் சொரசொரப்பாக இருப்பதால் மாட்டுக்கறி ராகு அப்படியே பிடித்துக்கொள்ளும். பூரணம் வைத்த ரவியோலியும் காசுக்குத் தகும். ஆனால் பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்ட ஸ்பகெட்டிக்கு நல்ல காய்ந்த பாஸ்தாவே பொருத்தம், இத்தாலியர்களும் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள். அதற்குப் போய் 26 வெள்ளி கொடுக்காதீர்கள்.

மெனுவில் உள்ள எல்லா வகையும் அங்கேயே செய்தவையா என்று பணியாளரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம், ஒழுங்காகச் செய்கிற கடைக்காரருக்கு அதைச் சொல்வதில் சந்தோஷம்தான்.

கூட்டத்துக்கு வழி, முன்பதிவு. முன்பணம் கேட்டால், வர முடியாமல் போனால் திருப்பித் தருவார்களா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கம்போங் கிளாமில் உள்ள சுல்தான் பள்ளிவாசல் பக்கம் நெரிசல் அதிகம், பெற்றோருடன் போகையில் அந்த நேரத்தைத் தவிர்க்கலாம். அப்புறம், பாஸ்தாவைக் கட்டி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். வீடு போவதற்குள் குழைந்து ஒட்டிக்கொள்ளும்.