பொங்கல் இலையின் நடுவில் நிற்கும் குழம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழி பாதியைத் தாண்டினால் எனக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். வழக்கமாக அதில் பாதி சர்க்கரைப் பொங்கலைப் பற்றியே இருக்கும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலும் குழம்பும் கறியும்தான். படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. பானைக்குக் கட்டும் மஞ்சள் கொத்தும் பானைக்குச் செய்யும் கும்பிடும் இருக்கட்டும். அடுத்த அடுப்பில் கொதிக்கும் குழம்பையும் அதே அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எங்கள் வீட்டில் விருந்து என்றாலே ஆட்டுக்கறிதான். பொங்கலன்று மட்டும் சைவம். சாம்பார், பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் வைத்தும், "இலையில் முக்கியமாக ஒன்றும் காணோமே" என்கிறார் மாமனார். பனீரில் ஏதாவது செய்யலாமா? (மதுரை வாசகி)

உங்கள் மாமனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாம்பார் தினமும் வைப்பது. அதைப் பண்டிகை இலையில் ஊற்றினால் நாளும் கிழமையும் தெரியாது. ஆனால் அதற்கு மருந்து பனீர் அல்ல. கறிக்குழம்பைப் போல இருக்க வேண்டும் என்று சோயாவையும் காளானையும் மசாலாவில் புரட்டினால், சாப்பிடுகிறவர் ஒவ்வொரு வாய்க்கும் உண்மையான கறிக்குழம்பை நினைத்துக்கொள்வார். அந்த ஒப்பீட்டில் நீங்கள் தோற்றுத்தான் போவீர்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் பொங்கலுக்கு வைக்கும் ஏழு காய்க் குழம்பை வைத்துப் பாருங்கள். தை மாதத்தில் தோட்டத்திலும் கொல்லையிலும் என்ன காய்க்கிறதோ அதெல்லாம் ஒரே சட்டியில் சேரும் குழம்பு இது. ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படையாகச் சேர்ப்பார்கள். ஏழே போதும். என் கணக்கு: மொச்சை, அவரைக்காய், வாழைக்காய், கத்தரிக்காய், சேனைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பறங்கிக்காய். இதில் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், மொச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பல்லுக்கு வேலையும் வயிற்றுக்கு நிறைவும் தருவது அதுதான். உங்கள் மாமனார் தேடுகிற கனம் அதில் இருக்கிறது.

ஆறு பேருக்கு அளவு சொல்கிறேன். துவரம்பருப்பு 150 கிராம், குழைய வேகவைத்தது. பச்சை மொச்சை ஒரு கப். மற்ற காய்கள் எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ, சற்றுப் பெரிய துண்டுகளாக. புளி, பெரிய எலுமிச்சம்பழ அளவு. வறுத்து அரைக்க: கொத்தமல்லி விதை மூன்று மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் எட்டு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, அரை மூடித் தேங்காய். வெங்காயம், பூண்டு வேண்டாம். அந்த இடத்தைக் கட்டிப் பெருங்காயம் நிரப்பும். நல்லெண்ணெயில் சுண்டைக்காய் அளவு கட்டியைப் போட்டால், அது மெல்ல உப்பி, வெளுத்து, பொரி போல ஆகும். அப்போது எழும் மணம் தெருவாசல் வரை போகும். அதை எடுத்து மசாலாவோடு அரைத்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம், காய்களைப் போடும் வரிசை. புளி, காயை இறுக்கும். புளித்தண்ணீரில் போட்ட மொச்சை எத்தனை நேரம் கொதித்தாலும் வேகாது. எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம் இதைத் தெரிந்துகொண்டேன். அவசரத்தில் எல்லாவற்றையும் புளிக்கரைசலிலேயே கொட்டிவிட்டேன். பதினான்கு பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். இலை ஓரத்தில் எல்லோரும் மொச்சையை ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்தபோது வந்த அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே முதலில் மொச்சையை வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிடுங்கள். பிறகு அவரை, வாழைக்காய், கத்தரிக்காய், மஞ்சள் தூள், உப்பு. இவை வெந்த பிறகே புளி. புளி பச்சை வாசனை போகக் கொதித்ததும் சர்க்கரைவள்ளியும் பறங்கியும். காயை இறுக்கும் என்று திட்டினேனே, அதே புளி இங்கே உதவிக்கு வருகிறது: வெறும் தண்ணீரில் பத்து நிமிடத்தில் கரைந்துவிடும் பறங்கி, புளியில் துண்டு துண்டாக நிற்கும். தனியாக வேகவைத்த சேனை (அதன் கதை அடுத்த பதிலில்), பருப்பு, அரைத்த விழுது, நெல்லிக்காய் அளவு வெல்லம் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கடுகு, கறிவேப்பிலை தாளித்து மூடி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் காய்க்குள் காரம் இறங்கும்.

பக்கத்தில் ஒரு சேப்பங்கிழங்கு வறுவலும் அவரைக்காய்ப் பொரியலும் போதும். மாமனார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

சேனைக்கிழங்கு வெட்டினால் கை அரிக்கிறது, சாப்பிட்டால் தொண்டை காறுகிறது. போன வருடம் குழந்தை அழுதுவிட்டான். அதை விட்டுவிடலாமா? (விழுப்புரம்)

விட வேண்டாம். சேனையிலும் சேம்பிலும் கால்சியம் ஆக்ஸலேட் என்னும் உப்பு ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. அவை குத்துவதுதான் அரிப்பும் காறலும். கை ஈரமாக இருந்தால் அரிப்பு கூடும். ஈரமில்லாத கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, காய்ந்த கிழங்கை முதலில் தோல் சீவி, துண்டு போட்டு, அதன் பிறகே கழுவுங்கள்.

காறல் போக, புளித்தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சேனை மாவாகிற கிழங்கு, மெல்லிய புளித்தண்ணீரில் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தாலும் வெந்துவிடும். மொச்சைக்குச் சொன்ன பயம் இதற்கு வேண்டாம். அரைகுறையாக வெந்த சேனைதான் அதிகம் காறும். கத்தி நுனி தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். கடையில் வாங்கும்போது, அன்று தோண்டிய பச்சைக் கிழங்கைக் காட்டிலும் சில வாரம் காற்றாட வைத்திருந்த கிழங்கைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நான் சேனைத் துண்டைப் பரிமாறுவதில்லை. பறங்கியும் சர்க்கரைவள்ளியும் அவர்களுக்குப் பிடிக்கும்.

நாட்டுக் காய்தான் போட வேண்டும், உருளைக்கிழங்கும் கேரட்டும் ஆகாது என்று அத்தை சொல்கிறார். இது சாஸ்திரமா? (சேலம்)

பல வீடுகளில் இது உறுதியான வழக்கம். அத்தையின் வீட்டுப் படையலுக்கு அத்தை சொல்வதுதான் சட்டம். அவர் மனம் நோகாமல் நடந்துகொள்ளுங்கள்.

ஆனாலும் நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும். பறங்கிக்காய் என்ற பெயரிலேயே பறங்கியர் இருக்கிறார்கள். பறங்கி, சர்க்கரைவள்ளி, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுக்கீசியர் கடல் வழியாக வரத் தொடங்கிய பிறகுதான் இந்த மண்ணைத் தொட்டன. இன்று அவை இல்லாத பொங்கல் இல்லை. பிறந்த ஊர் எது என்பதைக் காட்டிலும் தை மாதத்தில் நம் பக்கத்து நிலத்தில் விளைகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

உருளையை நான் சேர்க்காததற்குக் காரணம் சமையல் சார்ந்தது. அது குழம்பின் உப்பையும் காரத்தையும் உறிஞ்சிக்கொண்டு சப்பென்று ஆக்கிவிடும். கேரட் இந்தக் குழம்பில் ஒட்டவே ஒட்டாது.

டொராண்டோவில் இருக்கிறோம். ஜனவரியில் வெளியே பனி. பச்சை மொச்சைக்கு எங்கே போவது?

இந்தியக் கடைகளின் உறைபனிப் பெட்டியில் 'சூர்த்தி பாப்டி லில்வா' என்று குஜராத்திகள் வாங்கும் பொட்டலம் இருக்கும். அது மொச்சை இனம்தான், ருசியும் நெருங்கி வரும். பறங்கிக்குப் பதில் பட்டர்நட் ஸ்குவாஷ் அருமையாகப் பொருந்தும். இன்னும் சொன்னால் நம் பறங்கியை விட இறுக்கமாக நிற்கும். வாழைக்காயும் கிழங்குகளும் ஸ்கார்பரோவின் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். ஏழு சேரவில்லையென்றால் ஐந்தோடு நிறுத்துங்கள். எண்ணிக்கைக்காக ப்ராக்கலியைப் போடாதீர்கள்.

காய்ந்த மொச்சையை ஊறவைக்க மறந்துவிட்டால்? (திண்டுக்கல்)

கொதிக்கும் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் ஆறு விசில். மொச்சையின் இலேசான கசப்பும் வயிற்றுப் பொருமலும் அந்த முதல் தண்ணீரோடு பெருமளவு போகும். இரண்டு விரலால் நசுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்து பருப்பு மாவாக வேண்டும். எவ்வளவு வெந்தும் நசுங்கவில்லை என்றால் அது பழைய மொச்சை. அதை அடுப்பில் வைத்துப் போராடுவதில் பயனில்லை.

திருவாதிரைக் களிக்குச் செய்யும் குழம்பும் பொங்கல் குழம்பும் ஒன்றா? எங்கள் பாட்டி திருநெல்வேலிக்காரர், 'தாளகம்' என்பார். செய்முறை எழுதி வைக்கவில்லை. (சென்னை)

காய்கள் ஏறக்குறைய ஒன்று. குழம்பு வேறு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நாவூறியது. திருநெல்வேலிக்காரர்கள் தாளகம் என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும்.

பொங்கல் குழம்பில் பருப்பை வேகவைத்துக் கரைக்கிறோம். தாளகத்தில் வெந்த பருப்பே கிடையாது. துவரம்பருப்பு, பச்சரிசி, மிளகாய் வற்றல், எள், தேங்காய் எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, அந்த விழுதே குழம்பைக் கெட்டியாக்கும். ஆறு பேருக்குத் துவரம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, எள் ஒன்றரை, அரிசி ஒன்று என்ற கணக்கு எனக்குச் சரியாக வருகிறது. எள்ளை எண்ணெய் விடாமல் தனியாக வறுங்கள். படபடவென்று பொரியும், சத்தம் அடங்கும் முன்பே தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியின் சூட்டில் இன்னும் அரை நிமிடம் இருந்தாலும் கசந்துவிடும், பிறகு எத்தனை வெல்லம் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது.

களி இனிப்பு, அதோடு புளிப்பும் காரமும் எள்ளின் எண்ணெய்ப்பசையும் கொண்ட இந்தக் குழம்பு. திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி என்பார்கள்; தாளகத்தைத் தொட்டுக்கொண்டால் ஒரு வாயோடு நிறுத்த முடியாது. திருவாதிரை மார்கழியில் வருவதால் பொங்கலுக்கு முன் ஒரு முறை செய்து பார்க்கலாம். பாட்டியின் ருசியை நினைவு வைத்திருக்கிற யாராவது வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர் "இன்னும் கொஞ்சம் எள்" என்று சொன்னால் போடுங்கள். அன்றே அளவுகளை எழுதி வைத்துவிடுங்கள்.

இருபத்தைந்து பேருக்கு எவ்வளவு வேண்டும்? (கும்பகோணம்)

அரிசி இரண்டரைக் கிலோ, குழம்புக்குக் காய் மொத்தம் மூன்று கிலோ, மொச்சை முக்கால் கிலோ, துவரம்பருப்பு 600 கிராம், புளி 150 கிராம், தேங்காய் இரண்டு. புளியையும் மிளகாயையும் மட்டும் முழுக் கணக்கில் பெருக்கக்கூடாது. கொஞ்சம் குறைத்துப் போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள். அறுவடையான புது அரிசியில் வடிப்பதாக இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். பழைய அரிசியின் அளவுக்குப் புதிது தண்ணீர் குடிக்காது, குழைந்துவிடும்.

மீந்த குழம்பை மறுநாள் சுண்டவைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். இந்த முறை புளித்துப் போய்விட்டது. ஏன்? (நாகப்பட்டினம்)

தேங்காய்தான் காரணம். மறுநாளைக்கு வேண்டும் என்றால், தேங்காய் சேர்த்து அரைத்த விழுதை முழுச் சட்டியிலும் கலக்காதீர்கள். விழுதில் கொத்தமல்லி, மிளகாய், பருப்பை மட்டும் முதலில் அரைத்துக் கலந்து, மறுநாள் பங்கைத் தனிச் சட்டியில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு அன்றைய பங்கில் தேங்காயைச் சேருங்கள். எடுத்து வைத்ததில் எச்சில் கரண்டி படக்கூடாது. ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மாட்டுப் பொங்கல் காலையில் அதை மண்சட்டிக்கு மாற்றி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மெல்லிய தணலில் அரை மணி நேரம். பறங்கி முழுவதும் கரைந்து குழம்போடு ஒன்றாகிவிடும். மொச்சை மட்டும் முழுசாக நிற்கும். ஓரங்களில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி தெரிகிறபோது இறக்குங்கள். தண்ணீரும் கொஞ்சம் தயிரும் விட்டுப் பிசைந்த பழைய சோற்றோடு, அந்தச் சுண்டிய குழம்பை விரல் நுனியால் தொட்டுக்கொள்ளும் அளவுதான் வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சட்டியை வழிக்க இப்போதும் பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கிறது.