தட்டில் தங்காத தூசிக்குப் புதிய தட்டு தீர்வாகுமா?

கேள்வி: எங்கள் அரவைக் கூடத்தில் தூசியின் பருமனை அறிய அடுக்குத் தட்டு இம்பாக்டர் வைத்திருக்கிறோம். காற்றை ஒன்றன்கீழ் ஒன்றான தட்டுகளில் வேகமாக மோதவிட்டு, தூசியைப் பருமன்வாரியாகப் பிரித்துப் பிடிக்கும் கருவி அது. பெரிய துகள்கள் மேல் தட்டுகளிலேயே தங்கிவிட வேண்டும். ஆனால் அடியிலுள்ள ஃபில்டரில் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரிய துகள்கள் கிடக்கின்றன. தட்டுகள் தேய்ந்துவிட்டன, மெருகேற்றிய புதிய தட்டுகள் வாங்குங்கள் என்கிறார் முகவர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், தூசி தட்டில் சரியாகத்தான் மோதுகிறது. மோதியபின் தங்காமல் துள்ளி எழுந்து காற்றோடு கீழே போய்விடுகிறது.

கடினமான தட்டில் மோதும் துகள் சற்றே நசுங்கி மீள்கிறது. அதற்குள் அதன் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிவிட, மிச்சமிருப்பது ஒட்டுவிசையை மீறப் போதுமானால் துகள் துள்ளும், போதாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். விட்டம் 10 மடங்கானால் ஒட்டுவிசை ஏறத்தாழ 10 மடங்குதான் கூடும், எடையோ 1,000 மடங்காகிவிடும். கண்ணாடியில் மணல் பட்டுத் தெறிப்பதும், அதே கண்ணாடியில் படிந்த நுண்தூசியை எவ்வளவு ஊதினாலும் அகற்ற முடியாததும் இதனால்தான். 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள உலர்ந்த துகளே நொடிக்குச் சில மீட்டர் வேகத்தைத் தாண்டினால் துள்ளத் தொடங்கும். அதைவிடப் பெரிய துகளுக்கு அந்த வரம்பு இன்னும் தாழ்வு. மெருகேற்றிய தட்டில் தொடும் பரப்பு கொஞ்சம் கூடலாம், ஆனால் கடினமான உலோகம் கடினமான உலோகமாகவே இருக்கும்.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். 10 மைக்ரான் துகள் ஒன்று தப்பி ஃபில்டருக்குப் போனால், 1 மைக்ரான் துகள்கள் ஆயிரம் சேர்ந்த எடையை அங்கே காட்டும். நுரையீரலின் ஆழம்வரை போகும் தூசி அளவுமீறி இருப்பதாகப் பொய்க்கணக்கு வரும். அந்தக் கணக்கைக் காட்டியே உங்களுக்கு அடுத்த இயந்திரத்தையும் விற்பார்கள்.

கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்துத் தரும் கேலிபரேஷன் சான்றிதழை முகவர் எடுத்து நீட்டினால், எந்தத் துகளைக் கொண்டு சோதித்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் எண்ணெய்த் துளிகளாக இருக்கும். திரவத் துளி மோதிய இடத்திலேயே பரவி ஒட்டிக்கொள்வதால் எந்தப் பருமனில் எவ்வளவு துகள் தட்டில் தங்கியது என்று காட்டும் வளைகோடு சான்றிதழில் அழகாகத்தான் வரும். அதில் பொய் இல்லை, உங்கள் உலர்ந்த கல்தூசிக்குத்தான் அது பொருந்தாது. நான் பார்த்த ஆய்வுப் படிவங்களில் சான்றிதழ் எண்ணுக்கும் தேதிக்கும் முத்திரைக்கும் கட்டம் உண்டு. தட்டில் என்ன பூசப்பட்டிருந்தது என்று கேட்க மட்டும் ஒரு வரியில்லை. இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

செய்ய வேண்டியது எளிது. சிலிக்கான் கிரீஸை உரிய கரைப்பானில் கரைத்து, தட்டில் மெல்லிய படலமாகப் பூசி, கரைப்பான் முழுதும் ஆவியானபின் எடை போட்டுக் கருவியில் பொருத்துங்கள். விரலால் அப்பக் கூடாது. வேகக் காற்றில் தடித்த கிரீஸ் நகர்ந்துவிடும். நெடுநேரம் ஓட்டவும் கூடாது. கிரீஸை மூடித் தூசி படிந்துவிட்டால், பின்னால் வரும் துகள் தூசியின் மேலேயே மோதி மறுபடியும் துள்ளும். நீண்ட நேரம் ஓட்டியே தீர வேண்டுமென்றால், எண்ணெய் ஊறிய நுண்துளைத் தட்டு நல்லது. படிந்த தூசிக்குள் எண்ணெய் தானாகவே மேலேறி அதை நனைத்துக்கொண்டிருக்கும்.

ஒரு விலக்கை மட்டும் மறக்காதீர்கள்: ஈரப்பதம். நீரை உறிஞ்சும் உப்புத் துகள்கள் உலர்ந்த காற்றில் துள்ளும், ஈரக்காற்றில் ஒட்டும். அம்மோனியம் சல்பேட் ஏறத்தாழ 80 சதவீத ஈரப்பதத்தில் நீரை ஏற்றுக் கரைசல் துளியாகவே மாறிவிடும். ஆகவே அத்தகைய தூசியை மழைநாளில் அளந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவுகட்டினால் வெயில் நாளில் ஏமாறுவீர்கள். உங்களுடையது கல்தூசி என்பதால் இந்த மாற்றம் அவ்வளவு கூர்மையாக இராது. இருந்தாலும் ஒவ்வொரு அளவீட்டோடும் அன்றைய ஈரப்பதத்தையும் எழுதி வையுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே மாதிரியான இரண்டு கருவிகளை, ஒன்றில் வெறுந்தட்டும் மற்றொன்றில் கிரீஸ் பூசிய தட்டுமாக, ஒரே இடத்தில் ஒரே நேரம் ஓட்டுங்கள். ஒரே கருவிதான் உண்டென்றால் மாற்றி மாற்றிச் சில முறை ஓட்டலாம். கிரீஸ் பூசியபோது ஃபில்டரின் எடை தெளிவாகக் குறைந்தால், பழைய தட்டுகளே போதும்.