ஓட்டையில்லாத பீங்கான் தொட்டியில் கறிவேப்பிலை: இலை மஞ்சளாகி உதிர்கிறது

தண்ணீர் வடியட்டும் என்று அடியில் கூழாங்கல் பரப்பியும் செடி இப்படி வாடுகிறதென்றால், அந்தக் கல்லை எடுத்துவிட்டு, தொட்டியின் அடியில் ஓட்டை போடுங்கள். கல் எத்தனை அங்குலம் பரப்பினாலும் தண்ணீர் வெளியே போக வழியில்லை. மண்ணிலிருந்து கல்லுக்கு அது லேசில் இறங்காது. மேலே மண்ணிலேயே தேங்கும். கல் போட்டதால் அந்தச் சதசதப்பு வேருக்கு இன்னும் நெருங்கி வந்திருக்கிறது. இலை மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நுனி ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கும்.

செடியை எடுத்துவிட்டுத் தொட்டியை ஈரத்துணிமேல் கவிழுங்கள். பேட்டரி ட்ரில், 10 மி.மீ. வைரமுனை டைல் பிட். ட்ரில்லின் ஹேமர் (தட்டித் துளைக்கும்) முறையை அணைத்து, மெதுவான வேகத்தில், தண்ணீர் சொட்டவிட்டபடியே துளையுங்கள். கடைசி மில்லிமீட்டரில் அழுத்தினால் அடி பிளந்துவிடும், அவசரமே வேண்டாம். ஓட்டைமேல் ஒரு வலைத்துண்டு போதும். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (மண்ணை இளக்கி நீரை வடியவிடும் லேசான வெள்ளைக் கல்துகள்) கலந்து நடுங்கள்.

ஆனால் ஒன்று: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் குளிரிலும் கறிவேப்பிலை கொஞ்சம் இலை உதிர்க்கும். குச்சி உலர்ந்து வந்தால் தொட்டியில் கை வைக்காதீர்கள். பூமியின் தென்பாதியில் இருக்கும் நம் ஊரில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் விழும், அந்தப் பக்க ஜன்னலோரம் நகர்த்தி, தண்ணீரை அளவாக ஊற்றுங்கள்.